முந்தியில் ஒற்றைக் கப்பல்

பனிக்கட்டியை நான் டம்ளருக்குள் மட்டுமே பார்த்தவன். அவரும் அப்படித்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போன ஒரு மத்தியானம், பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டே, உறைந்த கடல் ஒரு மரக்கப்பலை நெரிக்கும்போது என்ன சத்தம் கேட்கும் என்று அவர் எனக்குச் சொன்னார்.

"முதல்ல பூனைக்குட்டி முனகற மாதிரி சார். கப்பலைச் சுத்திச் சுத்தி வரும். அப்புறம் துருப்பிடிச்ச கதவைத் திறக்கற மாதிரி. அப்புறம் ஒரே வாணவேடிக்கைதான். உள்ள இருக்கறவங்களுக்கு ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது."

"அப்ப அவங்க என்ன பண்ணுவாங்க?"

"சீட்டு ஆடுவாங்க."

அவர் என் எதிர்வீட்டு டீச்சர். பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை, நானும் அழைத்ததில்லை. நான் பத்திரப் பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சொத்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். அவற்றில் எதற்கும் கண்ணீர் ஒரு தேவையான ஆவணம் அல்ல. இந்த அனுபவத்தோடுதான் நான் டீச்சரைப் பார்த்தேன். அதனாலேயே பல வருடங்கள் அவரைத் தப்பாகப் பார்த்தேன்.

அவர் பாடம் நடத்திய புத்தகத்தில் துருவப் பிரதேசம் பற்றிய பகுதியில் அந்தக் கப்பலுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்களாம். பனியில் உறைந்து மூன்று வருடம் மிதந்தது என்று. ஒரு பெண் எழுந்து, "பனி நெரிச்சா உடையாதா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று டீச்சர் நூலகத்துக்குப் போனார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, அவள் பெண்ணும் அதே பள்ளியில் சேர்ந்தாள். டீச்சரின் 'நாளைக்கு' முடியவில்லை.

கப்பல் நார்வேக்காரர்களுடையது. அதன் பெயருக்கு அவர்கள் பாஷையில் 'முன்னே' என்று பொருள். அதற்கு முன்னால் இன்னொரு நாட்டுக் கப்பல் வடதுருவக் கடல் பனியில் மாட்டி நசுங்கி மூழ்கிப்போயிருந்தது. அதன் உடைசல்கள் சில வருடம் கழித்து கடலின் மறுகோடியில் கரை ஒதுங்கின. எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். ஒருவர் மட்டும், அங்கே மூழ்கியது இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். பனி நகர்கிறது. அப்படியானால் நசுங்காத கப்பல் ஒன்றைக் கட்டி, வேண்டுமென்றே பனியில் மாட்டிக்கொண்டால், துருவத்துக்குப் பக்கத்தில் பனியே கொண்டுபோய் விடும். விவரம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பது எல்லாத் துறையிலும் உள்ள நடைமுறை.

நசுங்காத கப்பல் என்றால் கெட்டியான கப்பல் என்று நான் நினைத்தேன்.

"கெட்டிதான் சார். வருஷக்கணக்கா காயப்போட்ட மரம். ஆனா கெட்டியா மட்டும் இருந்தா பத்தாது." டீச்சர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். "வயிறு உருண்டையா இருக்கணும். முன்னாடியும் உருண்டை, பின்னாடியும் உருண்டை. சுக்கானைக்கூட மேல இழுத்து உள்ள வெச்சிக்கலாம். மாங்கொட்டையை ரெண்டு விரலால நெரிச்சா வழுக்கிக்கினு மேல வருது இல்ல? அந்த மாதிரி, பனி நெரிக்க நெரிக்க கப்பல் மேல மேல எழும்பும்."

"பனி தூக்கிவிடுதுன்னு சொல்லுங்க."

"பனிக்கு இன்னா சார் அன்பா, பாசமா? அதுக்குப் பிடி கிடைக்கல. அதான் தூக்குது."

எனக்குத் தெரிந்த நாளாக அவரை யாராவது நெரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருடம் தலைமையாசிரியை, இடமில்லை என்று சொல்லி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறையை அவர் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். நான் கொதித்தேன். விதிகளை மேற்கோள் காட்டி, மூன்று பிரதிகளில், அருமையான ஆட்சேபணை மனு ஒன்றைத் தயார் செய்து கொடுத்தேன். இன்றைக்கும் அது நல்ல மனு என்றே சொல்வேன். டீச்சர் அதை மரியாதையோடு வாங்கி நாலாக மடித்து, அந்த அறையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

"எழுதிக் குடுத்தா மோதின மாதிரி ஆயிடும் சார்."

அந்த அறைக்கு மேல் ஒரு வேப்பமரம் இருந்தது. கோடை வந்ததும் பள்ளியிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று தெரிந்தது. மற்ற டீச்சர்கள் சாப்பாட்டுக் கூடையோடு அங்கே வர ஆரம்பித்தார்கள். கடைசியில் தலைமையாசிரியையே அந்த அறை தனக்கு வேண்டும் என்றார். "எடுத்துக்கோங்க மேடம்," என்று டீச்சர் காலி செய்தார். தலைமையாசிரியை விட்டுவந்த அறை, இரண்டு மின்விசிறியோடு, இவருக்கு வந்தது. மனுவைக் கொடுத்திருந்தால் விசாரணைக்கே அந்த வருடம் போயிருக்கும். இதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு குறை உண்டு. அதையும் அவரே சொல்லியிருக்கிறார். வயிறு உருண்டையான கப்பல் பனியில்தான் ராஜா. திறந்த கடலில் படுமோசமாக உருளும். அதில் போனவர்கள் வாந்தி எடுத்தே சோர்ந்து போனார்களாம். டீச்சரும் யாரும் நெரிக்காத இடத்தில் அப்படித்தான். ஐப்பசி மழையில் ஒருநாள் குடை வாங்க என்னோடு கடைக்கு வந்தார். கறுப்பா நீலமா என்று கடைக்காரர் கேட்டார். டீச்சர் இரண்டையும் விரித்தார், மடக்கினார், என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். மழை நின்றுவிட்டது. "இனிமே எதுக்கு சார்?" என்று வெறுங்கையோடு படியிறங்கினார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

டீச்சருக்குக் கல்யாணமாகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்பா காலமான பிறகு அந்த வீடு அவருக்கும் தம்பிக்கும் பொதுவாக இருந்தது. முன்னறை டீச்சருக்கு, மற்றதெல்லாம் தம்பியின் குடும்பத்துக்கும் தறிகளுக்கும். தம்பி சுறுசுறுப்பானவர். வேறு தெருக்களிலும் அவருக்குத் தறிகள் ஓடின. கோயிலுக்கு வருகிற வெளியூர்க் கார்கள் எல்லாம் அந்தத் தெரு வழியாகத் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டை இடித்துக் கண்ணாடி வைத்த பட்டுக் கடை கட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அதற்கு வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு வீடு முழுவதும் அவர் பெயரில் இருக்க வேண்டும். அதற்கு அக்கா தன் பாகத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும். என்னை யோசனை கேட்கக் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட விஷயங்களுக்கு மட்டும் என்னை மறக்காமல் கூப்பிடுவார்கள்.

"அக்காவுக்கு இன்னா, ஒத்தை ஆளு. பென்ஷன் வருது. எங்கனா சின்னதா ஒரு வீடு பாத்துக்கலாம். இல்லியாக்கா?" என்றார் தம்பி.

டீச்சர் முடியாது என்று சொல்லவில்லை. ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "கையெழுத்து போடறேன்பா. எனக்கு ஒரு புடவை நெய்து குடு. முந்தியில அந்தக் கப்பல் இருக்கணும். சரியா இருக்கணும்," என்றார்.

தம்பி சிரித்தேவிட்டார். "இவ்ளோதானா? கப்பல் இன்னா, துறைமுகத்தையே போட்டுத் தரேன்கா!"

வாய்மொழி நிபந்தனைக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

முதல் மாதிரித் துணி வந்தது. எங்கள் ஊர்த் தறியில் உருவங்கள் விழும் விதம் அங்கே குறுக்கே வந்துவிட்டது. அன்னம், யாளி, இருதலைப் பட்சி எதுவானாலும் பாதி வரைந்து, அதற்குத் தறி அட்டையில் துளை அடித்தால் போதும். மறுபாதியைத் தறியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்ளும். டிசைன்காரரும் வழக்கப்படி பாதிக் கப்பல் வரைந்திருந்தார். முந்தியில் வந்து நின்றது இரண்டு பக்கமும் முன்பாகமே உள்ள ஒரு கப்பல். பின்பக்கமே இல்லை.

டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இது எந்தப் பக்கம்பா போவும்?"

தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. டிசைன்காரர் மட்டும் அசரவில்லை. வாயில் வெற்றிலையோடு, "பெருமாள் ஏறற வாகனமே ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குது டீச்சர். உங்க கப்பல் இன்னா பெரிசு?" என்றார்.

"பெருமாளுக்கு வழி தெரியும். இதுல போனவங்களுக்குத் தெரியாது."

அடுத்த தடவை முழுக் கப்பலையும் வரைந்தார்கள். ஆனால் முந்தியில் இரண்டு கப்பல்கள் எதிரெதிரே நின்றன, மோதுவதற்குக் கிளம்பியவை போல.

"ஏன்டா ரெண்டு?" என்றார் டீச்சர்.

"ஜோடியாத்தான்கா போடணும். மயிலு, கிளி எல்லாம் ஜோடியாத்தானே நிக்குது? கல்யாணப் புடவை நெய்யற தறி இது. ஒத்தையா நின்னா நல்லா இல்லக்கா. பாக்கறவங்க மூஞ்சி சுளிப்பாங்க."

சொன்ன பிறகுதான் தம்பிக்குத் தான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. துணியை மடிக்கத் தொடங்கினார். டீச்சர் அந்த மடிப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கப்பலை உள்ளங்கையால் மறைத்தார்.

"ஒத்தையாத்தான்பா போச்சு," என்றார்.

அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் மாதிரிகள் வந்தன. ஒன்றில் பனிக்கட்டிகள் மாங்காய் வடிவத்தில் இருந்தன. ஒன்றில் பாய்கள் எல்லாம் காற்றில் புடைத்து நின்றன. உறைந்து கிடக்கும்போது பாயைச் சுருட்டிவைத்திருப்பார்கள் என்றார் டீச்சர். "பாய் இல்லாத கப்பலா? மொட்டையா இருக்குமே டீச்சர்!" என்று டிசைன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். பாய் போய், கப்பல் மேல்தட்டில் காற்றாடி வர வேண்டும் என்றார் டீச்சர். சூரியனே வராத மாதங்களில் அந்தக் காற்றாடி சுற்றித்தான் விளக்கு எரிந்ததாம். தம்பி போனில் படம் தேடி எடுத்துவந்து சண்டை போடுவார். டீச்சர் அதே படத்தில் விரலை வைத்துப் பதில் சொல்வார். பாதிக் கப்பல் மாதிரியைப் பார்த்த ஒரு பெங்களூர்க்காரர், "போட் டிசைன் புதுசா இருக்குது," என்று அதையே வரிசையாக நெய்யச் சொல்லி வாங்கிப்போனார். கப்பல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது. ஒருநாள் தம்பி என் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "அந்தக் கேப்டன் கப்பலை வுட்டுட்டு எதுக்கு சார் இறங்கி நடந்தாரு?" என்று கேட்டார்.

பனி துருவத்தின் மேலேயே கொண்டுபோகாது என்று தெரிந்ததும், ஒரே ஒரு ஆளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு, பயணத்தைக் கிளப்பிய தலைவர் நடந்தார். போய்ச் சேர முடியவில்லை. அவர் வேறு வழியாகத் தப்பி ஊர் வந்து சேர்ந்த சமயத்திலேயே, அவர் விட்டுப்போன கப்பலும் பனியிலிருந்து விடுபட்டு முழுசாக வந்து சேர்ந்தது. டீச்சர் சொன்னதை நான் தம்பிக்குச் சொன்னேன். "ரெண்டுமே போய்ச் சேரலியா?" என்று அவர் ஏமாற்றத்தோடு எழுந்துபோனார். பிற்பாடு அதே கப்பல் தென்கோடிக்குப் போய், அதில் போனவர்கள் தென் துருவத்தில் கால் வைத்தார்கள். டீச்சருக்கு அதில் அக்கறை இல்லை. "அங்க அது வண்டி மாதிரி சார். கொண்டுபோய் இறக்கிவிட்டுச்சு. அவ்ளோதான்."

இவ்வளவு காலமும் நான் அவரை உள்ளூர மெச்சிக்கொண்டிருந்தேன். சர்வீஸில் தாமதத்தின் பல வகைகளைப் பார்த்தவன் நான். கோப்பு காணாமல் போவது, அதிகாரி விடுப்பில் போவது, குறிப்பாணைக்குக் குறிப்பாணை. ஆனால் மறுக்காமல், வாதாடாமல், கப்பல் சரியில்லை என்ற ஒரே சொல்லில் ஒரு வீட்டை வருடக்கணக்காக நிறுத்திவைத்ததை நான் பார்த்ததில்லை. இதை அவரிடம் ஜாடையாகப் பாராட்டியும் இருக்கிறேன். அவர் புரியாத மாதிரி பார்ப்பார். அதையும் தந்திரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் காலை தம்பி புடவையோடு முன்னறைக்கு வந்தபோது நானும் இருந்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு என்னை எப்போதும் தயாராக இருக்கச் சொல்லியிருந்தார்கள். சாம்பல் கலந்த நீலப் பட்டு. முந்தி முழுக்க வெள்ளி ஜரிகையில் பனி, ஏறுமாறாக உடைந்த பாளங்கள், ஒன்றுகூட மாங்காய் இல்லை. நடுவில் ஒற்றைக் கப்பல். மூன்று பாய்மரம், சுருட்டிய பாய், காற்றாடி. கொஞ்சம் சாய்ந்து, பனிக்கு மேல் பாதி எழும்பி நின்றது.

டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்து ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். நான் தம்பிக்குத் தெரியாமல் டீச்சருக்குச் சைகை காட்டினேன். கயிறு போதாது என்று சொல்லுங்கள், காற்றாடிக்கு இறக்கை பெரிசு என்று சொல்லுங்கள், எதையாவது.

"சுக்கான் இல்ல," என்றார் டீச்சர்.

எனக்கு நிம்மதியாயிற்று.

"மேல இழுத்து வெச்சிருப்பாங்கன்னு நீதானேக்கா சொன்ன?" என்றார் தம்பி.

"ஆமாம்பா. அதான் சொல்றேன். இல்லாம இருக்கறதுதான் சரி. எல்லாமே சரியா இருக்குது." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஆபீஸ் எத்தினி மணிக்குத் திறப்பாங்க சார்?"

நான் அவரைத் தனியே கூப்பிட்டு, ஒரு வார்த்தை தப்பு என்று சொன்னால் போதுமே என்றேன். டீச்சர் என்னை, வகுப்பில் பார்த்து எழுதுகிற பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கப்பல் சரியா இருக்குது சார். சரியா இருக்கறதைத் தப்புன்னு எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளைப் பார்த்தேன். பக்கத்து ஊரான தாமலில், தன்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டில் ஒரு போர்ஷன் பேசிவைத்திருந்தார். "ஏரிக்கரை சார். நெரம்பினா வாசல்லயே பாக்கலாம்." தந்திரமே இல்லை. அவருக்கு உண்மையிலேயே அந்தக் கப்பல் சரியாக இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். தம்பியும் பெட்டிகளைப் பார்த்துவிட்டார்.

பதிவு அலுவலகத்தில், சுயவிருப்பத்தோடு எழுதிக்கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். புகைப்படம் எடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள். புதுப் புடவை மடியில் இருந்தது. குடைக் கடையில் நின்ற ஆளா இது என்று நினைக்கும்படி கையெழுத்துப் போட்டார்.

வெளியே டீக்கடையில் தம்பி டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"இத்தினி வருஷம் தப்பு தப்புன்னு சொல்லிக்கினு இருந்தப்போ கோவம்தான் சார் வந்துச்சு. இன்னிக்கி சரின்னு சொன்னதும், தப்புன்னே சொல்லியிருக்கக் கூடாதான்னு இருக்குது."

குடிக்காத டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"சார், எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். ஆனா அந்த ரூம்ல அவங்க இருக்கற வரைக்கும் இருக்கலாம்னு நான் எழுதித் தர முடியுமா?"

"அந்த அறையையே இடிக்கப் போறீங்களே."

அவர் தெருவைப் பார்த்தார். "மாடி போடறோம் இல்ல?"

முடியும். வாழ்நாள் அனுபவ உரிமை என்று அதற்கு ஒரு தனிப் பத்திரம் உண்டு. வரைவை நானே எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே சின்னதும் நல்லதும் அதுதான். முதலில் கொடுத்த ஆட்சேபணை மனுவைவிட நல்லது.

கடை எழும்பியது. டீச்சர் மாடிக்குப் போனார். கிரகப்பிரவேசத்தன்று நான் விடாமல், "பாத்தீங்களா, தம்பி தூக்கிவிட்டுட்டார். இதுவும் பிடி கிடைக்காமதானா?" என்று கேட்டேன். டீச்சர் ஜன்னல் வழியே கீழே கார்களைப் பார்த்துக்கொண்டு, "கப்பல்ல தூங்கினவங்களுக்கு அதெல்லாம் தெரியாது சார். காலையில எழுந்து பாப்பாங்க, மேல இருக்கும்," என்றார்.

அந்தப் புடவையை அவர் ஒரு தடவைகூடக் கட்டவில்லை. கடையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள், விற்பனைக்கு இல்லை என்று எழுதி. வாடிக்கையாளர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தம்பி கதை சொல்வார். நன்றாகவே சொல்வார், பூனைக்குட்டி முனகல், வாணவேடிக்கை, சீட்டாட்டம் எல்லாம் வரும். ஆனால் வியாபாரி. முடிவில், "அப்படியே வட துருவத்தைத் தொட்டுட்டு வந்துச்சு மேடம்," என்று ஒரு போடு போடுவார். உடனே மேலே தரையில் கைத்தடி டங், டங் என்று இடிக்கும். மாடிப்படி வழியாகக் குரல் இறங்கும்.

"போகலடா! தொடல!"

"சரிக்கா, சரிக்கா!" என்று தம்பி கத்துவார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். மறுநாள் மறுபடியும் தொட்டுவிட்டு வரும்.

தன் வீட்டையே வாயைத் திறக்காமல் எழுதிக்கொடுத்தவர், அந்தக் கப்பலுக்கு இல்லாத பெருமை ஒன்று சேர்வதை ஒருநாளும் விடவில்லை.

டீச்சர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மத்தியான நேரங்களில் நான் கடையில் போய் உட்காருகிறேன், ஏ.சி. இருக்கிறது. போன வாரம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா கண்ணாடி அலமாரியைக் காட்டி, அது என்ன கப்பல் என்று கேட்டார். தம்பி ஆரம்பித்தார். நெரித்த பனி, எழும்பிய கப்பல், இருட்டில் சுற்றிய காற்றாடி. "அப்படியே வட துருவத்தைத் தொட்டுட்டு" என்றவர் நிறுத்திக்கொண்டார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மேலே சத்தம் ஒன்றும் இல்லை.

"தொடல மேடம்," என்றார். "கிட்டக்கப் போச்சு. உடையாம வந்துச்சு."